சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர்

தமிழ் படிக்கும் மாணவரிடம் வள்ளல்களின் பெயர்களைக் கூறுமாறு கேட்டால் பாரி, காரி, அதியன் என்று தொடங்கி, எங்கேனும் ஓரிடத்தில் சீதக்காதியையும் சேர்த்துவிடுவர். இறந்த பின்னும் கொடுத்தவர் என்னும் பழமொழி அவர் பெயரை மக்கள் நாவில் அத்துணை ஆழமாக ஊன்றியிருக்கிறது. வகுப்பறையில் அப்பெயரின் பொருள் யாது என்று வினவும்போது எனக்குக் கிடைக்கும் விடைகள் சுவையானவை. குளிர்ந்த உள்ளம் உடையவர் என்பர் சிலர். சீதையோடு தொடர்புபடுத்துவர் சிலர். கடையெழு வள்ளல்களுள் ஒருவர் என்று துணிந்து சொல்வாரும் உண்டு. அவர் கீழக்கரையில் வாழ்ந்த இஸ்லாமிய வணிகர் என்பதும், அவருக்கு இட்ட பெயர் செய்கு அப்துல் காதிர் என்பதும் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கின்றன. அவருடைய வாழ்வைப் பேசப் புகுவார் அப்பெயரையும் உடன்வைத்துப் பேசுதல் வேண்டும் என்பது என் கருத்து. அவ்வாழ்வின் பெரும்பகுதி அப்பெயர் பெற்ற மாற்றங்களிலேயே பதிந்து கிடக்கிறது.

கீழக்கரை மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரத்திற்குத் தெற்கே அமைந்த பழந்துறை. முத்தும் சங்கும் அதன் கடல்வளம். நெல்லும் துணியும் மிளகும் அதன் வாணிகம். அத்துறையிலிருந்து மரைக்காயர்களின் கலங்கள் இலங்கைக்கும் வங்கத்திற்கும் அச்சே, மலாக்கா முதலிய கீழ்த்திசைத் துறைகளுக்கும் சென்று மீண்டன. மரக்கலத்தை உடையோர் ஆதலின் மரக்கலராயர் எனப்பட்டு அது மரைக்காயர் எனத் திரிந்தது என்பர் ஒரு சாரார். கலத்தைக் குறிக்கும் மர்க்கப் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். தமிழென்றாலும் அரபென்றாலும் அச்சொல் கப்பலை விட்டு நீங்கவில்லை என்பதே நமக்கு வேண்டுவது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மரபில் செல்வத்தாலும் செல்வாக்காலும் தலைமை பெற்று விளங்கியவர் நம் வள்ளல்.

அக்காலத்துக் கடல் எளிதான கடல் அன்று. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர் முத்துக்குளிப்பையும் சங்கு வாணிகத்தையும் தம் பிடிக்குள் கொணர முனைந்து நின்றனர். மிளகும் பாக்கும் துணியும் எந்தத் துறையில் ஏறி எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்பதற்கும் அவர்கள் ஆணை வகுத்தனர். இந்நெருக்கடியில் உள்நாட்டு வணிகர் ஒருவர் தழைத்திருந்தார் எனின், அவருக்குப் பின்னால் நின்ற அரசு வலிமையுடையது எனக் கொள்ளவேண்டும். அவ்வரசு சேதுபதிகளுடையது. 1710 வரை மறவர் சீமையை ஆண்ட இரகுநாத கிழவன் சேதுபதிக்கு நம் வள்ளல் நண்பராகவும் அறிவுரை கூறுபவராகவும் இருந்தார். தலைநகர் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாறியதும், அங்கே கற்கோட்டையும் அரண்மனையும் எழுந்ததும் இச்சேதுபதியின் காலத்தில். அப்பணிகளில் சீதக்காதியின் பொருளும் உழைப்பும் சேர்ந்திருந்தன என்பது அப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்நட்பின் விளைவாக அவருக்கு வந்த பெயரொன்று உண்டு. விசய ரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் என்பது அது. விசய ரகுநாத என்பது சேதுபதிகள் தாமே தாங்கிய பட்டம், இராமபிரானின் பெயர். சேதுவின் காவலர் என்று தம்மைக் கூறிக்கொண்ட அரசர், இராமன் பெயரைத் தொழுகை தவறாத ஓர் இஸ்லாமியருக்கு ஈந்தார். அவரும் அதனை ஏற்றார். இதில் இருவருக்கும் கூச்சமோ ஐயமோ இருந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றும் இப்பெயர் அவர்க்கு இயல்பாகவே இருந்திருக்கும் போலும்.

பெரியதம்பி என்பதோ வீட்டுப் பெயர். அக்குடும்பத்தில் வழங்கிவந்த பெயர். டச்சுக் குழுமத்தாரின் ஆவணங்களில் சேதுபதியின் வலக்கையாக விளங்கிய பெருவணிகர் இப்பெயராலேயே சுட்டப்படுகிறார். அவர்களுக்கு இடையூறாக நின்ற ஒருவரை அவர்கள் அடிக்கடி எழுதியிருத்தல் இயல்பே. ஆயினும் ஆவணத்துள் வரும் பெரியதம்பி ஒவ்வொருவரும் நம் சீதக்காதியே எனக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகிய பெயர் ஒருவரோடு நில்லாது.

ஆகவே ஒருவருக்கு மூன்று பெயர்கள். அரசர் தந்தது ஒன்று. குடும்பத்து வழக்கு ஒன்று. தொட்டிலில் இட்டது ஒன்று. முதல் இரண்டும் ஏட்டில் நிற்கின்றன. மூன்றாவது நாவில் நிற்கிறது. ஆனால் இட்டவர் கேட்டால் அறிந்துகொள்ள இயலாத வடிவில் நிற்கிறது.

அப்துல் காதிர் என்பது அரபுத் தொடர். அப்து என்பது அடிமை, அடியான் எனப் பொருள்படும். காதிர் என்பது எல்லாம் வல்லவன் என்னும் பொருளுடையது. இறைவனுக்குக் கூறப்படும் தொண்ணூற்றொன்பது திருப்பெயர்களுள் ஒன்று. ஆகவே வல்லோனின் அடியான் என்பது இப்பெயரின் பொருள். நம் வழக்கில் தாசன் என்பது பெயரின் இறுதியில் நிற்கும். பாரதிதாசன் என்றும் கண்ணதாசன் என்றும் கூறுவோம். அரபு மொழியில் அடிமை முன்னும் ஆண்டவன் பின்னுமாக நிற்பர். வேற்றுமை இத்துணையே. இடையில் நிற்கும் ‘அல்’ என்னும் சுட்டிடைச்சொல்லின் லகரம் அடுத்துவரும் எழுத்துக்கேற்பத் திரியும். காதிர் வருமிடத்து அப்துல் காதிர் என இயல்பாக நிற்கும். ரஹ்மான் வருமிடத்து லகரம் ரகரமாகி அப்துர் ரஹ்மான் ஆகும். புணர்ச்சி விதி நமக்கு மட்டும் உரிய செல்வம் அன்று என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவில் கொள்ளலாம். இதனால் அப்துல் என்று மட்டும் ஒருவரை அழைப்பது முற்றுப்பெறாத தொடராகும். யாருடைய அடியான் என்னும் வினா விடையின்றி நிற்கும். காதிர் என்று மட்டும் அழைப்பதோ வேறு வகையான சிக்கல். அடியானை விட்டு ஆண்டவன் பெயரால் மனிதனைக் கூப்பிடுவதாகும். மார்க்கம் கற்ற பெரியோர் சிலர் இதனை விரும்புவதில்லை.

செய்கு என்பது ஷைகு என்னும் சொல்லின் தமிழ் வடிவம். முதியவர், தலைவர், ஆன்மிக ஆசான் என்னும் பொருள்களை உடையது. இதனையும் நம் நாட்டார் தமிழ்ச் சொற்களோடு கலந்து வழங்கத் தயங்கியதில்லை. உமறுப் புலவரின் தந்தையார் பெயர் சேகு முதலியார். சதாவதானத்தால் புகழ்பெற்ற கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரை (1874-1950) அறியாத தமிழ்ப் புலவர் இரார்.

அடியானைக் குறிக்கும் பெயர்கள் பல இருக்க, இப்பெயர் மட்டும் நம் கடற்கரையில் இத்துணைப் பரவியதற்குக் காரணர் பாக்தாதில் அடக்கமாகியிருக்கும் ஒரு ஞானி. முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி பாரசீகத்தின் ஜீலான் பகுதியில் பிறந்து, பாக்தாத் நகரில் கற்றுக் கற்பித்து, 1166இல் மறைந்தார். காதிரிய்யா என்னும் ஞானவழி அவர் பெயரால் அமைந்தது. முகியித்தீன் என்பது மார்க்கத்திற்கு உயிரூட்டியவர் எனப் பொருள்படும் சிறப்புப் பெயர். அவ்வழி பரவிய இடமெல்லாம் அவர் பெயரும் பரவிற்று. பிரெஞ்சுக்காரரை 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்ற அல்ஜீரியத் தலைவருக்கும் அப்துல் காதிர் என்பதே பெயர். நம் நாட்டில் 1570இல் மறைந்த நாகூர் ஆண்டவருக்குச் சாகுல் ஹமீது என்பதோடு அப்துல் காதிர் என்பதும் பெயர். காதிர் வலி என அவரைப் போற்றுதல் இதனாலேயே. காதர், காதர் மைதீன், முகைதீன் அப்துல் காதர், சாகுல் ஹமீது, மீரான் என்று தமிழ் இஸ்லாமியர் இல்லங்களில் கேட்கும் பெயர்களுள் பல இவ்விரு ஞானியரிடமிருந்து கிளைத்தவை. குணங்குடி மஸ்தான் சாகிபுக்கும் (1792-1838) இளமையில் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரைக் குடும்பம் ஒன்று தன் மகனுக்கு இப்பெயரிட்டதில் வியப்பில்லை. வியப்பு அதன் பின்பு நேர்ந்ததில் இருக்கிறது.

செய்கு என்பது குற்றியலுகர ஈறு. வருமொழி உயிரில் தொடங்கினால் அவ்வுகரம் கெடும். ஆதலின் விரைந்து கூறுவார் வாயில் செய்கு அப்துல் என்பது செய்கப்துல் ஆகும். இதில் ககரமும் பகரமும் லகரமும் தேய, எஞ்சி நிற்கும் ஒலிகள் சகரமும் தகரமுமே. காதிர் என்பதை நம் இஸ்லாமியப் புலவர்கள் காதிறு என்றே எழுதினர். சொல்லின் இறுதியில் வல்லினமெய் தனித்து நில்லாது ஆகையால் உகரம் ஏறிற்று. உமர் உமறு ஆனதும் இவ்வழியே. விளியிலும் பாட்டிலும் அவ்வீறு குறைந்து காதி என நின்றது. இவ்வாறு செய்கு அப்துல் காதிறு சீதக்காதி ஆயிற்று என்பது பெரும்பாலோர் கொண்ட விளக்கம்.

ஒலித் தேய்வு மட்டும் இதற்குக் காரணம் ஆகாது என்பேன். தேய்ந்த சொல் தமிழில் முன்னரே வீடு கட்டியிருந்த ஒரு சொல்லில் போய்க் குடியேறிற்று. சீதம் என்றால் குளிர்ச்சி. மரம் என்பதும் கிளை என்பதும் சேர்ந்து மரக்கிளை ஆவதுபோலச் சீதமும் காதியும் சேர்ந்தால் மகரம் கெட்டு வல்லினம் மிக்குச் சீதக்காதி ஆகும். கேட்பார்க்கு இது வேற்றுமொழிச் சொல்லாகவே படவில்லை. வெயில் காயும் சேதுநாட்டில், கொடுப்பவர் ஒருவரைக் குளிர்ச்சியோடு சேர்த்துக் கேட்ட செவி பிழைபட்டது என்று யார் சொல்வார்? என் மாணவர்கள் கூறும் முதல் விடையை நான் இப்போதெல்லாம் முற்றிலும் மறுப்பதில்லை. சொற்பிறப்பு அதுவன்று என்று மட்டும் கூறி, மேலே செல்வேன்.

இப்பெயரைப் பாடியவர்களுள் முதன்மையானவர் படிக்காசுப் புலவர். தொண்டைமண்டல சதகமும் தண்டலையார் சதகமும் இயற்றிய இவர் சைவர். கொடும் பஞ்சத்தில் நெல்லின் விலை பொன்னின் விலையை எட்டிய காலத்திலும் கீழக்கரையில் அடுப்பு அணையாது உணவளித்த செய்தியை நாம் அறிவது புலவர் பாட்டின் வழியாகவே. நெல் வாணிகர் ஒருவர் பஞ்சகாலத்தில் களஞ்சியத்தைத் திறந்தார் என்பதன் பொருளை வாணிகம் அறிந்தார் உணர்வர். அந்த ஆண்டில் வந்திருக்கக்கூடிய பேரூதியத்தை அவர் விட்டார் என்பதே அது. வள்ளல் மறைந்த செய்தி கேட்டு ஓடிவந்த படிக்காசுப் புலவர் அடக்கத்தலத்தில் நின்று புலம்பிப் பாட, மண்ணுள்ளிருந்து மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டது என்பது கதை. தமக்குப் பின்னும் புலவர்க்கும் வறியவர்க்கும் கொடுக்குமாறு அவர் ஏற்பாடு செய்திருந்ததே இவ்வாறு கதையாக உருப்பெற்றது எனக் கருதுவோர் உளர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எனினும் சைவப் புலவரின் பாட்டுக்கு இஸ்லாமியரின் அடக்கத்தலம் திறந்தது என்று கதை கட்டிய மக்கள் மனத்தை நான் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. 2018இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று, இறந்த பின்னும் நடிக்கும் மேடைக் கலைஞர் ஒருவரின் கதைக்குச் சீதக்காதி என்றே பெயரிட்டது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அவர் புலவர்க்குச் செய்தவற்றுள் தலையாயது சீறாப்புராணம். நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகக் காண விரும்பிய அவர், எட்டயபுரத்து உமறுப் புலவரிடம் அப்பணியை ஒப்படைத்தார். வேண்டிய வரலாற்றுச் செய்திகளைப் பெறுவதற்குக் கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா அவர்களை (1632-1703) அணுகுமாறு வழிகாட்டினார். சீறா என்பதே வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் சீறத் என்னும் அரபுச் சொல். அரபு நாட்டு மாந்தர் பெயரும் ஊர்ப்பெயரும் விருத்தத்தின் சீருக்குள் அடங்க வேண்டும். எதுகையும் மோனையும் கொள்ள வேண்டும். கதீஜா கதீசா ஆனார். வானவர் தலைவர் ஜிப்ரீல் சிபுறயீல் ஆனார். பிறமொழிச் சொல் தமிழுக்கு வருங்கால் அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் இயைய வேண்டும் என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்த நெறியை, அரபுச் சொல்லுக்கு உமறு செயற்படுத்திக் காட்டினார். புலவர் ஏட்டில் செய்ததைப் புரவலரின் பெயருக்கு மக்கள் முன்னரே வாயால் செய்துவிட்டிருந்தனர்.

காப்பியம் முற்றுப்பெறுமுன் சீதக்காதி மறைந்தார். புலவர் தளர்ந்து நின்ற வேளையில் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்துப் பணியைத் தொடரச் செய்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களாக விரிந்த அந்நூலுள் மீண்டும் மீண்டும் போற்றப்படுபவர் அபுல் காசிமே. தொடங்கி வைத்தவர் பெயரைக் காப்பியத்துள் தேடுவார் ஏமாற்றம் அடைவர். இது நன்றி மறந்த செயலா என்று ஆராய்ச்சியாளர் பலவாறு வாதிட்டுள்ளனர். கைம்மாறு இன்றிக் கொடுத்தவருக்கு இது ஒரு குறையாக இராது என்று நாம் அமைதி கூறலாம். ஆயினும் தமிழாசிரியையாகிய எனக்கு அவ்விடம் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. அவருக்கெனப் பாடப்பட்ட சிறுநூல்கள் உள. சீதக்காதி திருமண வாழ்த்து ஒன்று. சீதக்காதி நொண்டி நாடகம் மற்றொன்று. திருடிக் கைகால் இழந்தவன் திருந்தி நலம்பெறும் கதையைக் கூறுவது நொண்டி நாடகம். பிற நொண்டி நாடகங்களில் கோயிலில் நிகழும் அருள், இங்கே வள்ளலின் ஆதரவால் மக்கமா நகர் சென்றவனுக்குக் கிடைக்கிறது.

அண்மைக் காலத்தில் பெயர்களைத் திருத்தும் முயற்சி ஒன்று காணப்படுகிறது. பாட்டனார் காதர் மைதீன். தந்தை அப்துல் காதர். பேரன் அரபு ஒலி சிறிதும் வழுவாத அப்துல் காதிர். பொருளறிந்து முழுப்பெயரையும் வழங்குதல் நன்றே. இறைவனின் பெயரைக் காக்கும் எண்ணமும் மதிக்கத்தக்கதே. ஆனால் காதர் என்பதையும் மைதீன் என்பதையும் சிதைவு என்று இகழ்வது தகாது. தெளிவுபெறாத நாவின் பிழை என்று அவற்றை ஒதுக்கினால் சீதக்காதியையும் ஒதுக்க வேண்டிவரும். கீழக்கரைத் தொழிலதிபர் பி. எஸ். அப்துர் ரகுமான் அறக்கட்டளை ஒன்றை நிறுவியபோது அதற்கு இட்ட பெயர் சீதக்காதி அறக்கட்டளை. செய்கு அப்துல் காதிர் அறக்கட்டளை என்று அவர் திருத்தவில்லை. தம் ஊரார் வழங்கிய வடிவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கீழக்கரையில் திராவிடக் கட்டடப் பாங்கில் கல்லால் எழுந்த பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் வள்ளல் கட்டியது என்பர். அவர் அடங்கியிருப்பதும் அங்கேயே. தூண்களின் போதிகைகளைக் காண்பார் சேதுநாட்டுக் கோயில் மண்டபங்களை நினையாதிருக்க முடியாது. சிற்பிகள் தாம் அறிந்த தொழிலை அங்கும் செய்தனர்.

சீறாப்புராணம் ஏட்டிலேயே நூற்றாண்டுக்கு மேல் கிடந்து, 1842இல் முதன்முதலாக அச்சேறியது. பதிப்பித்தவர் காயல்பட்டினத்தைச் சேர்ந்த புலவர். முகியித்தீன் ஆண்டவரின் வரலாற்றைப் பாடும் குத்புநாயகத்தை இயற்றியவர். அவருடைய முழுப்பெயர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். தமிழுலகம் அவரைச் சேகனாப் புலவர் என்று அழைத்தது.